சுருள் மாற்றும் நேரம்

என் கையில் இருப்பதும் துப்பாக்கிதான்.
விசையை அழுத்தினால் சின்னதாய் ஒரு சொடுக்கு;
எண்ணெய்ப் புட்டியின் நெற்றியில்
நேற்றைய விலை செத்துப்போகும்.

மே மாதம். ரொசாரியோவில் இலையுதிர் காலம்.
மரங்களை யார் பார்த்தார்கள்?
நாங்கள் பார்த்ததெல்லாம் விலைத்தாள்கள்
ஒன்றின்மேல் ஒன்றாய்
உதிராமல் ஏறிக்கொண்டே போனதைத்தான்.

காலை பத்துக்கு ஒரு பட்டியல் வரும்.
மதியம் இரண்டுக்கு அதைத் திருத்திய பட்டியல்.
சம்பள நாளென்றால் நாலரைக்கு இன்னொன்று.
மேலாளர் பெனெல்லி கண்ணாடி அறைக்குள்ளிருந்து
விரலால் சொல்வார்:
சர்க்கரை. நூடுல்ஸ். சோப்பு.
சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
அவருக்கும் வீட்டில் நான்கு வாய்.

சேமிப்பு என்ற சொல்லை
எங்கள் ஊர் அப்போது தலைகீழாகப் பிடித்திருந்தது.
வெள்ளிக்கிழமை உண்டியலில் போட்டது
திங்கட்கிழமை முக்கால் காசு.
மாதச் சம்பளத்தை ஒரு மணி நேரத்தில்
வழித்துத் துடைத்துச் செலவழித்தவளே சிக்கனக்காரி.
உப்பை வாங்கு, சோப்பை அடுக்கு,
மாவு மூட்டையைக் கட்டிலுக்கடியில் படுக்கவை,
பணத்தை மட்டும்
வீட்டில் இரவு தங்கவிடாதே.

டெல்மிரா இறைச்சி ஆலையில் பொதி கட்டுகிறவள்.
ஈர பூட்ஸோடு வருவாள்,
கவரைக்கூடப் பிரித்திருக்கமாட்டாள்.
பட்டியல் தலைக்குள்.
மகன் ராமிரோவை அடுத்த வரிசைக்கு ஏவுவாள்:
"நீ மாவு. நான் எண்ணெய்."
ஓடக்கூடாது என்று பலகை மாட்டியிருந்தோம்.
அவள் ஓடவில்லை.
தூங்கும் குழந்தையை விட்டு எழுந்து வருகிறவள்போல
ஓசையில்லாமல்,
பயங்கர வேகத்தில் நடந்தாள்.

ஒருமுறை மாத்தே இலைப் பொட்டலத்தை
கல்லா வரிசையில் நின்றபடியே
நகத்தால் சுரண்டினாள்.
ஒரு தாள், இரண்டு, மூன்று.
ஐந்தாவதின் அடியில் இருந்தது மார்ச் மாதம்.
"இந்த விலைக்குக் கொடு.
நான் என்ன, போன நூற்றாண்டையா கேட்கிறேன்?"
வரிசையே சிரித்தது.
கல்லாக்காரி மேல்தாளின் விலையைத்தான் அடித்தாள்.
அவள் நகத்தின் இடுக்கில் பசை ஒட்டியிருந்தது.

அந்தச் சம்பள நாள், மணி நாலரை.
பெனெல்லியின் விரல் எண்ணெய் என்றது.
தட்டில் மிச்சம் பதினொன்று.
இந்த முனையிலிருந்து நான்,
அந்த முனையிலிருந்து அவள்.
விதி எளிது:
ஒட்டியது கடைக்கு,
ஒட்டாதது அவளுக்கு.
ஐந்தை முடித்திருந்தேன்.

ஆறாவதில்
துப்பாக்கியின் வயிற்றைத் திறந்தேன்.
சுருளை வெளியே எடுத்தேன்.
பற்சக்கரத்தில் தூசி இருக்கிறமாதிரி ஊதினேன்,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
மறுபடி ஊதினேன்.
சுருள் தீரவில்லை.
பாதிக்குமேல் இருந்தது.

ஆறையும் எடுத்திருக்கலாம்.
நான்கை எடுத்தாள்.
மற்ற இரண்டை, பின்னால் வந்த
கம்பளித் தொப்பிக்காரரின் கூடையில் தள்ளினாள்.
நன்றி சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவுமில்லை.
திரும்பியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும்
என்பது அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.
அல்லது அரிசி வரிசைக்கு நேரமாகியிருக்கலாம்.

கண்ணாடியை யாரோ தட்டுகிற சத்தம்.
சுருளை மாட்டினேன்.
வெறும் தட்டைப் பார்த்து இருமுறை சொடுக்கினேன்.

இரவு வீட்டில் வெங்காயம் வதங்கும் மணம்.
ஸுல்மா என் கடைக்கு வருவதில்லை,
பேருந்துநிலையத்துக்குப் பக்கத்துக் கடைதான் அவளுக்கு.
"இன்றைக்கு அதிர்ஷ்டம்,
பழைய விலைக்கே மூன்று புட்டி கிடைத்தது.
அங்கே விலை ஒட்டுகிறவன் ஒரு மந்தன்.
சுருளை மாற்றவே கால் மணி நேரம்!
உன்னைப்போல் கை வேகமில்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் சட்டியில்
இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்.