விசில்

கோத்தகிரி சமுதாயக் கூடத்தில்
இப்போது நான் விசில் ஊதுவதில்லை.
கையைத் தூக்கினால் ஆட்டம் நிற்கும்.
சிலசமயம் நிற்காது, போகட்டும்.

தகரக் கூரையில் மழை இறங்கினால்
நிரோஷினி கேரம் மேசைக்கு அடியில் போய்விடுவாள்.
மண் சரிந்த ராத்திரி
லைன்வீடு போட்ட சத்தம் அது என்று
அவள் அத்தை ஒருமுறை சொன்னார்,
நானாகக் கேட்டதில்லை.

கதவைத் திறந்தே வைக்கிறேன்.
குளிர் உள்ளே வருகிறது,
பையன்கள் முணுமுணுக்கிறார்கள்.

நேற்று, நல்ல மழை,
போர்டில் சிவப்புக் காயைக் காணோம்.
தேடக் குனிந்த பெள்ளி
சட்டென நிமிர்ந்தான்:
"அவகிட்டயே இருக்கட்டும் சார்."

சிவப்பு இல்லாமலே ஆடினோம்.
ஆட்டம் முடியும் நேரம்
எங்கள் முழங்கால்களுக்கு நடுவிலிருந்து
ஒரு குரல்,
"யாருக்கு எத்தனை காய்?"