கண்ணாடியை மறந்து வந்தவள்

படிவத்தை நீட்டினாள் அந்தப் பெண்.
"கண்ணாடி எடுத்துட்டு வர மறந்துட்டேங்க" என்றேன்.
இருபது வருடமாக மறக்கிறேன்.
என்னிடம் கண்ணாடி இருந்ததே இல்லை.

வந்தது மகனுக்காக.
இளங்கதிர், ஐந்தாம் வகுப்பு,
மஞ்சக்குப்பத்துப் பள்ளியில் கடைசி பெஞ்சு.
அம்மாவுக்கும் எடுத்துப் பார்க்கலாமா என்றார்கள்.
ஆராய்ச்சிக்காம்.
பஸ் காசு தருவார்களாம்.

கம்மல், மெட்டி, கொலுசு,
ரவிக்கையில் குத்திய பின்னூசி வரை
எல்லாம் ஒரு தட்டில்.
புதுச்சேரி ஆஸ்பத்திரியில்
குழாய்க்குள் என்னைத் தள்ளினார்கள்.
முதுநகரில் நான் வேலை செய்யும்
ஐஸ் கம்பெனி மெஷினைப் போலவே இரைந்தது.
அதனால் பயமில்லை.
சுவரில் கோடு கிழித்தே கணக்கு வைப்பவள் நான்.
ஒரு கட்டிகூடத் தவறியதில்லை.

முகத்துக்கு மேலே ஒரு கண்ணாடி.
ஆமாம், கடைசியில் கண்ணாடி.
அதில் வார்த்தைகள் வந்து வந்து போயின.
'காரம்' என்று ஒன்று.
இதில் கால் எது, ர எது?
இரண்டும் ஒரே தடி.
'பெட்டி' என்று ஒன்று.
கொம்பு முன்னால் நிற்கிறது,
வாயில் மட்டும் பின்னால் வர வேண்டுமாம்.
இந்த நியாயம் எனக்கு
ஒன்றாம் வகுப்பிலேயே பிடிபடவில்லை.

டாக்டர் ஜெசிந்தா திரையைக் காட்டினார்.
ஒருவர் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது,
நூறு பேரைச் சேர்த்தால்தான் தெரியும் என்றார்.
பார்த்ததும் கேட்டதும் சந்திக்கிற பாதை
சிலருக்கு இடப்பக்கம் மெலிந்திருக்கலாம்,
மூளை வலப்பக்கமாக வேறு வழி தேடலாம்.

எனக்குக் கெடிலத்து வெள்ளம் ஞாபகம் வந்தது.
பாலத்தை அடைத்த அன்று
பஸ் ஊரெல்லாம் சுற்றித்தான் வந்தது.
வீடு சேர்ந்தோம்.
யாரும் எங்களை மக்கு என்று சொல்லவில்லை.
லேட் என்றுதான் சொன்னார்கள்.

கன்னியக்கோயில் தாண்டியதும் கேட்டான்:
"உனக்குமாம்மா?"
"எனக்கும்."
"அப்போ கண்ணாடி?"
"இல்லை."
"வாங்கவே இல்லையா?"
"இல்லைடா."
சிரித்தான் பாவி, மூச்சு முட்ட.
முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
நானும் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன்,
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

இறங்கியதும் ஒரு பலகை முன் நின்றான்.
விரலால் காற்றில் எழுத்தைத் தடவினான்.
"தி... ரு... திருப்... பா...
திருப்பாப்புலியூர்!"

நடுவில் இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டான்.
ஊரே விழுங்குகிற எழுத்துதான்.
திருத்தவில்லை.
பசிக்கிறது என்றான்,
பரோட்டாக் கடையில்
விலைப்பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
"என்னென்ன இருக்கு, சொல்லுங்க அண்ணே,
எங்க ரெண்டு பேருக்கும் படிக்க வராது" என்றேன்.