உலர் எடை

காலை நாலே முக்காலுக்கு
ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியின் கீழே வேனை நிறுத்துவேன்.
ஹாரன் அடிக்கக் கூடாது, மையத்தின் உத்தரவு.
முன்விளக்கை இரண்டு முறை சிமிட்டினால்
ஒன்பதாம் மாடியில் ஒரு ஜன்னல் அணையும்.
பிறகெல்லாம் மின்தூக்கியின் மனநிலையைப் பொறுத்தது.

செவ்வாய், வியாழன், சனி.
முன் இருக்கை பவுனம்மாவுக்கு.
பின்னால் மிஸ்டர் கூ, பாக் சாலே,
ஜெலுத்தோங் சந்தையில் முன்பு மீன் வெட்டிய கதிரேசு.
எல்லாருக்கும் ஒரே பேச்சு, தண்ணீர்.
நாளுக்கு அரை லிட்டர்தான்.
மிஸ்டர் கூ ஐஸ் கட்டியை நாக்கின் கீழ் ஒளித்து வைப்பார்,
பாக் சாலே கொப்பளித்துத் துப்புவார்,
கதிரேசு ஏமாற்றுவார், தராசில் மாட்டிக்கொள்வார்.
பவுனம்மா எதுவும் சொன்னதில்லை.
கடலோரம் வேன் திரும்பும்போது மட்டும்
கண்ணாடியை இறக்கச் சொல்வாள்.

உள்ளே போகும்போது ஐம்பத்து நாலரைக் கிலோ.
நாலு மணி நேரம் கழித்து ஐம்பத்து இரண்டு.
உலர் எடை என்பார் தாதி.
ஒரு தடவைக்கு இருநூறு வெள்ளிக்கு மேல் ஆகுமாம்,
அவள் கட்டுவது முப்பது.
மீதி யாருடையது என்று எனக்குச் சரியாகத் தெரியாது:
அரசாங்கம் கொஞ்சம், கோயில் கொஞ்சம்,
காசோலையைக் கதவளவு பெரிதாக அடித்து
வருடா வருடம் படம் எடுத்துக்கொள்ளும் கம்பெனி கொஞ்சம்.
ஆனால் அந்த மீதிக்கு ஒரு கோடு உண்டு.
வீட்டு வருமானம் கோட்டைத் தாண்டினால்
இருநூறும் நம் தலையில்.

யுகேந்திரனுக்கு பாயான் லெப்பாஸில் வேலை.
தீபாவளிக்கு முன்பு
ஞாயிறும் சேர்த்து ஓவர்டைம் கொடுத்தார்களாம்.
வேண்டாம் என்றிருக்கிறான்.
லைன் லீடர் ஆக்குகிறோம் என்றபோதும்
வேண்டாம்.
"உன் பையனுக்கு உடம்பு வளையாதாக்கா?"
கதிரேசு வேனில் கேட்டார்.
அன்று அவள் கண்ணாடியை இறக்கச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆண்டுப் பாரம் வந்தது.
டாஷ்போர்டில் வைத்துத்தான் எழுதினாள், என் பேனாவால்.
'வீட்டில் உள்ளவர்கள்' என்ற கட்டத்தில்
ஒன்று.
யுகேன்? என்றேன்.
"கூலிமில் ரூம் எடுத்துப் போயிட்டான்."
அரை மணி நேரம் முன்புதான்
அவளை ஒன்பது மாடி முதுகில் சுமந்து இறக்கிவிட்டு
வேலைக்குப் போனான்.
பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

வீட்டைப் பார்க்க மிஸ் நோராசிகின் வந்தார்.
அழைத்துப் போனதும் நான்தான், மையத்துக்கு வேறு வண்டி இல்லை.
நோன்பு மாதம், பிற்பகல் மூன்று மணி,
ஒன்பது மாடிப் படிகள்.
உள்ளே
ஒரு தட்டு, ஒரு தலையணை, ஒரு பல் துலக்கி.
சாமி படத்துக்குப் பக்கத்துச் சுவரில்
ஒரு சதுரம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.
பவுனம்மா பழக்கத்தில்
தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.
"நோன்பு, மாக்சிக்" என்றார் அதிகாரி.
ஐயோ என்று தலையில் தட்டிக்கொண்டாள்.
அவர் குடிக்க முடியாது, இவள் குடிக்கக் கூடாது,
நடுவில் மேசையில் அது வியர்த்துக்கொண்டே இருந்தது.
கடைசியில் நான் குடித்தேன்.

கேள்விகள், கையெழுத்து, இன்னொரு கையெழுத்து.
அப்போதுதான் பார்த்தேன்,
ஜன்னல் கம்பிக்கு வெளியே
தொழிற்சாலையின் வெள்ளைக் காலணி இரண்டு,
ஆண் அளவு,
இன்னும் சொட்டிக்கொண்டு.
மிஸ் நோராசிகினும் அந்தப் பக்கம்தான் பார்த்தார்.
பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலே நின்றது.
பிறகு எழுதினார். என்னவென்று தெரியவில்லை,
என் மலாய் வாசிப்பு தலைகீழாக வராது.

இறங்கும்போது ஆறாம் மாடியில் மூச்சு வாங்க நின்றார்.
"அந்தக் காலணியை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.
மழை வரும்."
வானத்தைப் பார்த்தேன்.
வெள்ளைத் துணி போலக் காய்ந்து கிடந்தது.

பதில் கடிதம் இன்னும் வரவில்லை.
இன்று வியாழன்.
விளக்கைச் சிமிட்டுகிறேன், ஜன்னல் அணைகிறது.
மின்தூக்கி இன்னும் சரியாகவில்லை.
படிகளில் ஒரு ஆளின் காலடி மட்டும் கேட்கிறது,
மெதுவாக,
ரொம்பக் கனமாக.