ஐந்தரை மணி வண்டி

முட்டையும் பச்சைச் சாயமும் கலந்து
சாய்த்து உறையவைத்த குழாயில்
ஆறு வாரம் கழித்துத்தான் அது முகம் காட்டும்.
யாரோ ரொட்டித் தூளைச் சிந்தியதுபோல.
அவ்வளவுதான்.

பிறகு நான் அதைப் படிப்பேன்.
நாற்பத்து நான்கு லட்சம் எழுத்து.
நான்கே எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு,
இடைவெளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை.
ரிஃபாம்பிசினை உதறித் தள்ள
ஓர் எழுத்துப் பிழை போதும்.
ஐசோனியசிடுக்கு இன்னொன்று.
சரியாக எழுதப்பட்டவை மருந்தில் செத்துப்போக
பிழை
பிழைத்துக்கொள்கிறது.

ஜனவரியில் மூன்று ஊர்களிலிருந்து மூன்று குழாய்கள்.
தையற்காரி ஃபெவ்ரோனியா.
மாஸ்கோவில் சுவர் பூசிவிட்டுத் திரும்பிய தியோஃபில்.
லுமினிட்சா, வயது பத்தொன்பது, கணக்குப்பதிவு படிப்பவள்.
ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டேன்.
முதல் இரண்டுக்கும் வித்தியாசம்: சுழியம்.
மூன்றாவதில் ஒரே ஓர் எழுத்து.
குழாய்களை மாற்றிவிட்டேனோ என்று
நர்ஸை எழுப்பிப் பெயர்ச்சீட்டுகளைச் சரிபார்த்தேன்.
மறுபடி ஓட்டினேன். அதே விடை.

கேள்வித்தாள் முப்பத்தொரு பக்கம்.
சிறையில் இருந்தீர்களா?
யாரோடு குடித்தீர்கள்?
இந்தப் படத்தில் இருப்பவரைத் தெரியுமா?
ஃபெவ்ரோனியா சொன்னாள்:
"அம்மணி, நான் தையல் மெஷினோடு மட்டும்தான் பேசுவேன்."
தியோஃபில் அன்றைய பதினான்கு மாத்திரைகளையும்
செங்கல்போல் மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.
லுமினிட்சா அழவில்லை.
தேர்வை ஜூனில் எழுதலாமா என்று மட்டும் கேட்டாள்.

தாளில் இல்லாத கேள்வி அது.
எழுந்து கோட்டுப் பொத்தான் போடும்போது
சும்மா கேட்டேன், ஒவ்வொருவரிடமும்:
கிஷினேவுக்கு எதில் போவீர்கள்?

சொரோகாவிலிருந்து ஐந்தரை மணி வண்டி.
ஐந்தரை மணி வண்டி.
வேறெதில், ஐந்தரை மணி வண்டிதான்.

இருபது இருக்கை. நிற்பவர்கள் ஒன்பது.
இரண்டரை மணி நேரம்.

எங்கள் மொழியில்
ஜன்னல் இடுக்கில் புகும் காற்றுக்கும்
கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கும் ஒரே சொல்:
குரென்ட்.
இரண்டும் தொட்டால் ஆளைக் கொல்லும்.
கழுத்துப் பிடிப்பு, காதுவலி, பல்வலி,
பிள்ளை தரிக்காமை, எல்லாம் அதனால்தான்.
நடு ஜூலையில் ஒரு விரல் அகலம் திறந்தாலும்
பின்னாலிருந்து குரல் வரும்.
நானும் அப்படிக் கத்தியவள்தான்,
கல்லூரிக் காலத்தில், இதே வண்டியில்.

ஓட்டுநர் வியோரெல் பெருமையாகக் காட்டினார்.
ஆறு ஜன்னல். ஆறுக்கும் செம்புக் கம்பி முறுக்கி
அவரே இறுக்கிக் கட்டியது.
"யாருக்கும் சளி பிடிக்கக்கூடாதே"
என்று சொல்லிவிட்டு இருமினார்.
சளியை டப்பியில் வாங்கிக்கொண்டேன்.
கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆறு வாரமாகியும் அதில் ஒன்றும் முளைக்கவில்லை.
வெறும் சிகரெட்.

ஆக, நான் வரைந்த மரத்தில்
மூன்று கிளையும் சேரும் கணு இன்னும் காலி.
அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.
எங்கோ ஏறி எங்கோ இறங்கியிருக்கிறார்.
இன்றைக்கும் ஏறியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை குறடு எடுத்துப் போனேன்.
கடைசி ஜன்னலில் ஒரு கம்பியை வெட்டி
நான்கு விரல் திறந்தேன்.
பனி மணத்தது.
பக்கத்தில் என் வயதுப் பெண்.
என் முகக்கவசத்தைப் பார்த்தாள்,
ஜன்னலைப் பார்த்தாள்.
"ஏற்கெனவே உடம்பு சரியில்லை,
இதில் குரென்ட் வேறா?" என்று
தன் கழுத்துத் துண்டைக் கழற்றி
இடுக்கில் இறுகச் செருகினாள்.
எனக்காக.

கண்ணாடியெல்லாம் மூச்சு.
யார் மூச்சு எது என்று பிரிக்க முடியாமல்
வெள்ளையாக வழிந்தது.

ஓர்ஹெயில் நான்கு பேர் இறங்கினார்கள்.
பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை.