மைனஸ் நாற்பது

மன்னார்குடி. மாசி வெயில், மதியம் ரெண்டு.
என்ஜின் வெப்பம் மைனஸ் நாற்பதாம்,
ஸ்கேனர் சொல்கிறது.
பானெட்டில் கை வைத்த தாவூது
"ஸ்ஸ்" என்று உதறிக்கொண்டான்.

கரும்புகை, ஓயாத ஃபேன்.
பனிக்காட்டில் நிற்பதாக நம்பி
பெட்ரோலை மொண்டு மொண்டு குடித்திருக்கிறது வண்டி.

சென்சாரைக் கழற்றி
டீ கிளாஸ் வெந்நீரில் முக்கினான்.
மீட்டரில் ஓம் ஒழுங்காக இறங்கியது.
பொய் சொன்னது இது இல்லை.

பேட்டரிக்கு அடியில்
அறுந்த ஒயர். பல் தடம்.
ஒரு பிடி உமி.
அறுப்பு முடிந்த வயலிலிருந்து
குடிவந்த எலி.

ஈயம் வைத்து, டேப் சுற்றி, சாவி திருப்பினான்.
அறுபத்திரண்டு.

கொள்முதல் நிலையத்து எழுத்தர்
காசை எண்ணிக்கொண்டே கேட்டார்:
"ஈரப்பதம் பார்க்கிற மெஷினையும்
இப்படிச் சோதிக்கலாமா?"

நேற்று
பத்தொன்பது காட்டித் திருப்பியனுப்பிய
நாலு டிராக்டர் நெல்லை
அவர் சொல்லவில்லை.