கொக்கி

ஐந்தாவது விசிலில்
மொக்கராசு அடுப்பை அணைக்கிறான்.
குக்கருக்குள் சோறில்லை.
கொதிக்கும் சிட்ரேட் கரைசலில்
பதினான்கு கண்ணாடித் தகடுகள்.
தகட்டுக்கு ஓர் ஆள்,
ஊசி கிள்ளியெடுத்த புராஸ்டேட்,
நாலு மைக்ரான் கனத்தில் ஒரு நூலிழை.

பெரியாஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே கோரிப்பாளையம்
ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

என் ஆய்வுக்கு மூன்று வரி நீளத்தில் ஒரு பெயர்.
அம்மாவுக்குச் சுருக்கிச் சொன்னேன்:
கட்டி தனக்கென்று ரத்தக்குழாய் இழுத்துக்கொள்ளும்,
அதை எண்ணுகிறேன்.
"எண்ணி?"
எண்ணி, எழுதுவேன்.

குழாய்ச் சுவரில் மட்டும் பழுப்பு பிடிக்கும்,
மிச்சமெல்லாம் வெளிறிய நீலம்.
நாற்பது மடங்கில் தகடு முழுக்க அலைந்து
பழுப்பு மொய்க்கிற மூன்று இடம் பிடிக்கணும்.
பிறகு இருநூறு மடங்கில் இறங்கணும்.
குழாய்க்கு வாய் திறந்திருக்க வேண்டியதில்லை.
ஒற்றைச் செல் தனியே நின்றாலும்
பழுப்பென்றால் ஒன்று.
தசை தடித்த பெரிய குழாய் கணக்கில் வராது.
அது முன்பே இருந்தது,
அது அந்த உடம்புடையது.

டவுன்ஹால் ரோட்டில் எண்பது ரூபாய்க்கு வாங்கிய கவுண்டர்
கட்டைவிரலுக்கடியில் டக், டக்.

ஜெசிந்தா மேடத்துக்கு ஐம்பத்தொன்று.
எனக்கு ஐம்பத்தெட்டு.
இருவர் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் எதிரெதிரே குனிந்து
ஓரத்துக் கறை ஒன்றுக்காக வழக்காடுகிறோம்.
"சாயம் கசிஞ்சிருக்கும்மா."
"இல்ல மேடம், உட்கரு தெரியுது பாருங்க."
வெகுநேரம் பார்த்தார்.
"சரி, போட்டுக்க."
ஒருவருடைய உடம்பில் ஒன்று கூடியது.

செவ்வாய்க்கிழமை
ரிப்போர்ட் வாங்க வந்தார் மாயழகு, ஆனையூர்.
மின்வாரியத்தில் ரீடிங் எடுத்தவர், ஓய்வு.
மூத்திரப் பையை மஞ்சப்பைக்குள் போட்டு
காய்கறி போலத் தூக்கியிருந்தார்.
முப்பத்து நாலு வருஷம் மீட்டர் வாசித்த கண்
தாளில் நேராக எண்ணுக்குப் போனது.
"நாலும் நாலும் எட்டு. எட்டுன்னா, பத்துக்கா நூத்துக்கா?"
"பத்துக்கு."
"கூடுனா நல்லதா, குறைஞ்சா நல்லதா?"
யூராலஜி ஓபி எந்தப் பக்கம் என்று
வழி சொன்னேன்.

அவர் போகவில்லை.
அந்த மிஷின்ல என்னம்மா பாப்பீங்க?
அம்மாவுக்குச் சொன்னதையே சொன்னேன்.
"அட, கொக்கி போடுதா!"
செல்லூர்த் தறிக்கூடம் ஒன்றில்
மீட்டர் தூங்க, தறி மட்டும் ராப்பகலாய் ஓடியதை
கம்பத்தில் கை வைத்துப் பிடித்தாராம்.
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
யாருடைய கம்பம் என்பது
அப்புறம்தான் உறைத்தது போல.
பையை மறுகைக்கு மாற்றினார்.

"எண்ணிட்டு வெட்டி விட்ருவீங்களா?"
"எண்ணுறதோட சரிங்க.
அந்த எண் உங்க தாள்ல வராது.
என் படிப்புக்கு."
கோபப்படுவார் என்று நினைத்தேன்.
"அது சரி," என்றார்.
"ரீடிங் எடுக்குறவன் வேற,
பீஸ் புடுங்குறவன் வேற."

ராத்திரி ஒன்பது.
தகட்டு எண்களை பிளாஸ்திரி மூடியிருக்கிறது,
எது யாரென்று எனக்குத் தெரியக் கூடாது.
ஏழாவதில் ஓர் இடம்,
நீலத்துக்குள் பழுப்பு கிளைத்துக் கிளைத்து,
சித்திரைக்குத் தெருமுனையில் கட்டிய சீரியல் செட்.
அழகு.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

முப்பத்தேழில் கரண்ட் போனது.
கண்ணை எடுக்காமல் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கீழே ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்தது.
விளக்கு வந்தபோது
என் கை பட்டு மேடை நகர்ந்திருந்தது.

எண்ணியது எது, எண்ணாதது எது?
கவுண்டரைத் திருகிப்
பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறேன்.
ஒன்று.