இரண்டும் ஒன்றாக அணைந்தால்

டிசம்பர் ஒன்பது. வாட்சோவில்
சூரியன் போய் இரண்டு வாரம்.
வர இன்னும் ஐந்து.
நேற்று இரவு, பனி தள்ளும் லாரிக்காரன்
ஹாரன் அடித்து என்னை ஓரங்கட்டினான்.
"சூல்ரூன், முன்னால் வண்டி போகிற மாதிரியே இல்லை,
இருட்டுதான் ஒரு துண்டு கழன்று ஓடுகிறது."

வால்வோ. எண்பத்தைந்தாம் வருடத்தது.
என்னையும் இன்சுலின் பெட்டியையும்
எக்கெரோய் வரை கொண்டுபோய்க் கொண்டுவருவது.
பிரேக்கை மிதித்தால்
இடப்பக்கம் சிவப்பு எரிய வேண்டிய நேரத்தில்
இண்டிகேட்டர் அரைக்கண் திறக்கிறது,
வேறு யாரையோ கூப்பிட்டதற்கு
தூக்கத்தில் 'ம்' கொட்டியதைப் போல.

படகுக் கொட்டகைக்குள் நிறுத்தினேன்.
கதவோரம், கால் வைக்கும் இடத்தில் ஃபியூஸ் பெட்டி.
தோட்டா வடிவத்தில் பீங்கான் ஃபியூஸ்கள்,
எரிந்துபோகாமலே செத்துக் கிடப்பவை.
கட்டைவிரலால் ஒவ்வொன்றாக உருட்டினேன்.
பச்சைக் களிம்பு உதிர்ந்தது.
ரேடியோ திடீரென்று விழித்து
கடலில் காற்றின் வேகம் சொன்னது.
கேட்காத உபகாரம்.
பின்விளக்கு அப்படியேதான்.

டாஷ்போர்டில் மஞ்சளாய் ஒரு விளக்கு உண்டு,
எங்காவது பல்ப் போனால் காட்டிக்கொடுப்பது.
கையேட்டைப் புரட்டினேன்.
அதற்கு வெளிச்சமென்றால் என்னவென்றே தெரியாதாம்.
இடப்பக்கம் போகும் கரண்டையும்
வலப்பக்கம் போகும் கரண்டையும்
தராசில் வைத்துப் பார்க்குமாம்.
ஒரு தட்டு தாழ்ந்தால் எரியும்.
இரண்டும் ஒன்றாக அணைந்தால்
தட்டு சமம்.
வாய் திறக்காது.

கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஓட்கெய்ர் வீட்டில்தான் இருந்தான்.
செப்டம்பரிலிருந்து எங்களுக்குள் சண்டையே இல்லை.
கதவை யாரும் அறையவில்லை.
அவன் காபியை அவன் போட்டான்,
என் காபியை நான்.

இந்த வேலையைத் தனியாள் செய்ய முடியாது.
துடுப்பைச் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டு
பின்பக்கம் ஓடினேன். நழுவி விழுந்தது.
தகரக் கதவில் நிழல் பார்க்கலாமென்றால்
கதவு முழுக்க உறைபனி.
வேறு வழியில்லாமல்
வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினேன்:
"கொஞ்சம் வந்து மிதி!"

பைஜாமாவுக்கு மேல் மீன்பிடிக் கோட்டும்
வீட்டுச் செருப்புமாக வந்தான்.
எதை என்று கேட்காமல் ஏறி உட்கார்ந்தான்.

டெஸ்ட் லைட்டை வைத்தேன்.
பல்ப் வரைக்கும் கரண்ட் வருகிறது,
வருவதில் குறையே இல்லை.
திரும்பிப் போகத்தான் வழியில்லை.
அதனால் பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து
திருட்டுத்தனமாய் வீடு சேரப் பார்க்கிறது.

டிக்கியின் அட்டையைப் பிய்த்தால்
ஒரு திருகாணி, மூன்று கறுப்பு வயர்.
எர்த். முப்பது குளிர்காலத்துச் சாலை உப்பு
அங்கேதான் குடித்தனம் நடத்தியிருக்கிறது.
செதில் சீவும் கத்தியால் சுரண்டினேன்,
துருவுக்கு அடியில் இரும்பு வெளுக்கும்வரை.
கறுத்துக் கிடந்த இடது பல்பையும் மாற்றினேன்.

"மிதி."
"மிதிச்சாச்சு."
"விடு. இப்போ?"
"என்னைக் கேட்டா? பின்னாடி நிக்கிறது நீதானே."
"எரியுது."
"நல்லாவா?"
"நல்லா."
"கால் விறைக்குது... இருந்தாலும்
இன்னொரு தரம் பார்."

பார்த்தேன். அவசியமில்லாமல் இரண்டு தரம்.

இறங்கப் போனவன் மஞ்சள் விளக்கைக் காட்டினான்.
"இது ஏன் எரியுது?"
ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது,
வேறு வேறு கம்பெனி, எடை ஒத்துப்போகாது என்றேன்.
"சரி பண்ணணுமா?"
"எரியட்டும்."

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.
கொட்டகை வாசலில் செருப்போடு நின்றான்,
உள்ளே போகிற ஆளாகத் தெரியவில்லை.
ரோட்டில் ஏறும் முன்னால்
குறுக்கே மானுமில்லை, வண்டியுமில்லை,
பிரேக்கை மிதித்தேன்.
கண்ணாடிக்குள்
முழங்கால் வரைக்கும் பனி சிவந்தது,
பிறகு கோட்டு,
பிறகு முகம்.